மறு: ‘ஸ்டார்ட்டிங் டார்க்’குக்குச் சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் ஆசிரியை:
வணக்கம். முதலில் மோட்டாராக டர்பைன் எஞ்சினைக் கிளப்பி, பிறகு ஜெனரேட்டராக மின்சாரம் தரும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் பற்றிய ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்: ஸ்டார்ட்டிங் டார்க் (நிற்கும் எஞ்சினைச் சுழற்றும் வலு), இன்ரஷ் கரண்ட் (சுவிட்ச் போட்ட கணம் பாயும் பெரும் மின்னோட்டம்), கரண்ட் லிமிட் (அதைத் தாண்டவிடாத எல்லை). எஞ்சின் நிற்கும்போது மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை (சுழலும்போது மோட்டாரிலேயே எழுந்து பேட்டரியை எதிர்க்கும் வோல்ட்டேஜ்) பூஜ்யம். 24 வோல்ட் பேட்டரி. உள்தடை, கேபிள், பிரஷ், ஆர்மெச்சர் (சுழலும் சுருள்) எல்லாம் சேர்த்து 0.02 ஓம் என்றால், சுவிட்ச் விழுந்த கணமே 1200 ஆம்பியர். அதை 600-இல் பிடித்து நிறுத்த வேண்டும். ‘தொடக்க முறுக்குவிசை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். சரிதானா?

தர்மபுரி, தமிழாசிரியர்:
சரியில்லை அம்மா. விசையின் அலகு நியூட்டன். இதற்கு நியூட்டன் மீட்டர். பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலின் ‘திருப்பு விசை’யிலும் இதே ‘விசை’ வால் ஒட்டியிருக்கிறது. ‘முறுக்கம்’ போதும். இன்னொன்று: தொடங்குதல் தன்வினை, தொடக்குதல் பிறவினை. மோட்டார் எஞ்சினைத் தொடக்குகிறது. ஆகவே ‘தொடக்கு முறுக்கம்’, வினைத்தொகை. இன்னும் பழகிய வழியும் உண்டு. நம் தகடூர் அதியமானை ஔவை ‘எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த கால்’ என்கிறார் (புறம் 87). அங்கே கால் என்றால் சக்கரம். வலி என்றால் வலிமை. டார்க்கைக் ‘கால்வலி’ என்றால் என்ன குறை?

ஓசூர், பட்டறை:
ஐயா, கால்வலின்னு போட்டா பையன் மெடிக்கலுக்குத்தான் போவான். ‘செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) ரொம்ப இழுக்குது’ன்னுதான் இங்கே பேச்சு. இன்ரஷுக்கு ‘முதலிழுப்பு’ன்னு வையுங்க. கையேட்டில் இதையும் சேருங்க மேடம்: கேபிள் முனையில் இருக்கிற லக் தளர்ந்து 5 மில்லிஓம் கூடினா, 600 ஆம்பியரில் 3 வோல்ட் அந்த மூட்டிலேயே போயிடும். அது தெரியாம பையன் நல்ல மோட்டாரைக் கழற்றிப் பரப்பி வைப்பான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை மோட்டார் பிளஸ்ஸில். செல்ஃப் அடிக்கும்போதே படிக்கணும். மைனஸ் பக்கமும் அப்படியே. கரண்ட் ஓடாதப்ப பார்த்தா பூஜ்யம்தான் காட்டும்.

பென்னாகரம், மொழிபெயர்ப்பாளர்:
முதலிழுப்புக்கு என் வாக்கு. ஆனால் ‘தொடக்கு’ வேண்டாம் ஐயா, அகராதியில் அதற்குத் தீட்டு என்றும் பொருள்.

லிமிட்டுக்குக் ‘கட்டுப்பாடு’ என்று எழுதிவிடாதீர்கள். லிமிட் உச்சிவரம்பு, அதற்கு ‘மட்டு’ என்ற சொல்லே இருக்கிறது. கட்டுப்பாடு வேகம் ஏற ஏறத் தொடர்ந்து நடப்பது. வேகம் ஏறி எதிர் மின்னியக்கு விசை 20 வோல்ட்டைத் தொட்டால் மின்னோட்டம் 200 ஆம்பியராக இளைத்துவிடும். மட்டு அப்போது வேலையே செய்யாது. அங்கே மோட்டாரின் காந்தப் புலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எதிர் விசை 18 வோல்ட், மின்னோட்டம் 300. முறுக்கம் 0.9 × 1.5, அதாவது 1.35 மடங்கு. நின்ற நிலையிலேயே புலத்தைக் குறைத்தால் தலைகீழ்: மின்னோட்டம் குறையாது, முறுக்கம் மட்டும் விழும்.

தர்மபுரி, தமிழாசிரியர்:
தீட்டு என்றால் ‘தீட்டிய கத்தி’யையும் ஒதுக்குவீர்களா? போகட்டும். புலத்தைக் ‘குறைத்தல்’ என்ன, ‘மெலித்தல்’ என்றே சொல்லலாமே. செய்யுள் விகாரத்தில் வலித்தல், மெலித்தல் படித்தவர்கள்தானே நாம். ‘முதலிழுப்பு’ மட்டும் கொச்சை. ‘பாய்மின்’ எனலாம்.

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் ஆசிரியை:
‘புலம் மெலித்தல்’ எடுத்துக்கொண்டேன் ஐயா. ‘பாய்மின்’ என்றால் எந்த மின்னோட்டமும் பாய்வதுதானே? முதல் கணம் என்பது அதில் இல்லை.

மட்டு எவ்வளவு என்பதிலும் வகுப்பில் குழப்பம் வருகிறது. புலச் சுருளும் ஆர்மெச்சரும் தொடராக இணைந்த சீரீஸ் சுற்றில் மின்னோட்டத்தைப் பாதியாக்கினால், இரும்பு காந்தத்தால் செறிவடையாதவரை முறுக்கம் கால்பங்காகிவிடும். மட்டை மிகத் தாழ்த்தினால் டர்பைன் எஞ்சின் வேகம் பிடிக்காமல் எரிபொருள் மட்டும் எரிந்து சூடேறும். மட்டே இல்லாவிட்டால் கியர்ப் பல் இடைவெளி சட்டென அடைபட்டு அடி விழும். கியர்பெட்டியைக் காக்கத் தண்டில் வேண்டுமென்றே மெல்லிதாக விட்ட கழுத்து முறிந்துவிடும். அந்தக் கழுத்துக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

தர்மபுரி, தமிழாசிரியர்:
முறிகழுத்து.

ஓசூர், பட்டறை:
இது பட்டறைக்கே ஆகும் ஐயா.

பென்னாகரம், மொழிபெயர்ப்பாளர்:
ஆம். முதல் மடலில் கேட்காத சொல்லுக்கு இரண்டே மடலில் முடிவு.

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். போவது இவை: தொடக்க முறுக்கம், முதலிழுப்பு, மின்னோட்ட மட்டு, புலம் மெலித்தல், முறிகழுத்து. ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் இந்தப் பதிப்பில் அப்படியே இருக்கட்டும். ‘தொடக்கி-மின்னியற்றி’ தலைப்பில் இரண்டு வரி பிடிக்கிறது.

தர்மபுரி, தமிழாசிரியர்:
‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியர் இடம் கொடுத்துவிட்டார், முதலிழுப்பை விட்டுவிடுகிறேன். ‘தொடக்க’ என்பதை ஏற்கவில்லை. தொடங்குவது எஞ்சின், தொடக்குவது மோட்டார். அடுத்த பதிப்புக்கு இப்போதே எழுதிவைக்கிறேன்.