மின்சார ஹீட்டர்: புகை போனதா, இடம் மாறியதா?

முகிலன்:
கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு அறைக்கு அறை மின்சார ஹீட்டர் வைத்துவிட்டேன். நெருப்பில்லை, புகையில்லை. 1,500 வாட் ஹீட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனையும் வெப்பமாகிறது, நூற்றுக்கு நூறு. இதைவிடச் சுத்தமான ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த நூற்றுக்கு நூறு பிளக்கில்தான் தொடங்குகிறது. உள்ளே இருப்பது நிக்ரோம் சுருள். மின்தடை அதிகம், கரண்ட் பாய்ந்ததும் பழுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது? நிலக்கரி நிலையமென்றால், எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகியிருக்கும். மிச்சம் வீண். அங்கே வெப்பத்தைத் தொலைத்துக் கரண்ட் எடுத்து, இங்கே அதை மறுபடி வெப்பமாக்குகிறீர்கள். யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நல்ல கேஸ் பாய்லரில் அதே அளவு வெப்பத்துக்குக் கால் கிலோகூட வராது. உங்கள் புகைபோக்கி எங்கேயும் போகவில்லை, ஊருக்கு வெளியே நிற்கிறது.

முகிலன்:
அது மின்நிலையத்தின் குற்றம். ஹீட்டரை ஏன் திட்டுகிறீர்கள்? நார்வேயில் கரண்ட் பெரும்பாலும் நீர்மின்சாரம், வீடுகளும் அதில்தான் சூடாகின்றன. எண்ணெய் எரித்துக் கட்டடங்களைச் சூடாக்குவதை 2020-இல் தடையே செய்துவிட்டார்கள். மின்சாரம் நாளைக்குச் சுத்தமாகலாம். கேஸ் கடைசிவரை கேஸ்தான். குழாயில் கசியும் மீத்தேனையும் கணக்கில் சேருங்கள், பிள்ளைவாள்!

பனித்துளி:
இரண்டு பேரும் ஹீட் பம்ப்பை விட்டுவிட்டீர்களே. ஏசியைத் திருப்பிப் போட்டதுதான் அது. வெளியே 5 டிகிரி குளிர் என்றாலும் குழாயில் ஓடும் குளிர்பொருளுக்கு அதுவே சூடு, கொதித்து ஆவியாகிவிடும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தினால் சூடு ஏறும். உள்ளே வந்து வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். வெப்பத்தை உண்டாக்கவில்லை, சுமந்து வருகிறது. அதனால்தான் 1 யூனிட் கரண்ட்டுக்கு 3 யூனிட் வெப்பம்.

கணக்குப்பிள்ளை:
சரி, கணக்கைப் போடுவோம். முழுக்க நிலக்கரிக் கரண்ட் என்றால் மூன்றால் வகுத்தும் யூனிட் வெப்பத்துக்கு 330 கிராம் வருகிறது. கேஸ் அப்போதும் குறைவுதான். கடுங்குளிரில் அந்த மூன்று இரண்டாக இறங்கும். வெளி யூனிட்டில் பனி படிந்தால் அதை உருக்கவே கொஞ்ச நேரம் திருப்பி ஓட்ட வேண்டும். அப்புறம் அந்தக் குளிர்பொருள்: ஆர்-410ஏ என்ற வகை கசிந்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு சூடாக்கும்.

பனித்துளி:
அதற்குத்தான் புதியவற்றில் புரொப்பேன் வந்துவிட்டது. பாதிக் கரண்ட் காற்றிலும் சூரியனிலும் வந்தாலே உங்கள் 330 பாதியாகி கேஸுக்குக் கீழே போய்விடும். அதையும் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
போட்டேன், சரியாகத்தான் வருகிறது. நிலக்கரி ஊருக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

முகிலன்:
அப்படியானால் குளியலறையில் பத்து நிமிஷம் போடுகிற ஹீட்டரையும் தூக்கிப் போட வேண்டுமா?

பனித்துளி:
வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு அதுவே போதும். எதில் சூடாக்கினாலும் அது இடுக்கு வழியாக வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். இன்று ராத்திரி ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னல் விளிம்போரமாக மெதுவாக நகர்த்துங்கள், திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு. சுடர் எத்தனை இடத்தில் சாய்கிறது என்று எண்ணி வந்து சொல்லுங்கள்.