கறிவேப்பிலைச் சாறு பச்சையாகவே நிற்கிறது, என்ன செய்ய?

கேள்வி:
பூச்சிமருந்து எச்சம் பார்க்க, குவெச்சர்ஸ் முறையில் (எச்சத்தைக் கரைப்பானில் இறக்கி, பிறகு தூள் போட்டுச் சாற்றைச் சுத்தம் செய்யும் முறை) 10 கிராம் அரைத்த இலைக்கு 10 மில்லி அசிட்டோநைட்ரைல் கரைப்பான், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு போடுகிறேன். பி.எஸ்.ஏ. என்ற சுத்தம் செய்யும் தூளைப் போட்டு மையவிலக்கியில் சுழற்றியும் பாசி நிறம் போகவில்லை. ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) கருவியில் சாற்றைச் செலுத்தும் இடத்திலுள்ள கண்ணாடிக் குழாய், அதாவது லைனர், இரண்டே நாளில் கறுத்துவிட்டது.

பதில் 1:
பி.எஸ்.ஏ. கொழுப்பு அமிலம், சர்க்கரையைத்தான் பிடிக்கும். பச்சையத்துக்குக் கிராஃபைட் கார்பன் வேணும், ஒரு மில்லி சாற்றுக்கு 7.5 மி.கி. போதும். லேசான பச்சை மிஞ்சணும்; முழுக்க வெளுத்தா தயாபெண்டசோல் (ஒரு பூஞ்சைக்கொல்லி) மாதிரித் தட்டை மூலக்கூறும் கார்பனோட போயிருக்கும்.

பதில் 2:
உப்பு போட்டதும் உடனே குலுக்குங்க சார். ஒருதடவை தாமதிச்சேன்; சல்பேட் கல்லா இறுகி, குழாய் கையைச் சுட்டது.

கேட்டவர்:
கார்பன் போட்டேன், இளம்பச்சைதான் மிச்சம். தயாபெண்டசோல் மீட்பு (சேர்த்த அளவில் திரும்பக் கிடைக்கும் பங்கு) குறைகிறது. அதை மட்டும் கார்பன் இல்லாமல் தனியாக ஓட்டுகிறேன். ரொம்ப நன்றி.