மறு: ‘ஃபார் ரெட்’ – கடைச்சிவப்பு சரிவருமா?

> ‘தொலைச்சிவப்பு’ என்றே வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம் அக்கா, ஆனால் செடியும் ஒளியும் பற்றிய நம் கட்டுரையில் வரும் ‘ஃபார் ரெட்’ ஒளிக்கு அந்தப் பெயர் வைத்தால், தொலைபேசி, தொலைக்காட்சி என்று பழகிய காதுக்கு அது எங்கோ தூரத்திலிருந்து வரும் சிவப்பாகக் கேட்கிறது. நாம் பேசுவது, கண்ணுக்குச் சிவப்பு மங்கி முடிகிற ஓரத்தை. அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டிய பட்டையை. அதற்கும் அப்பால்தான் அகச்சிவப்பு. ஓரம் என்பதால்தான் ‘கடைச்சிவப்பு’ என்றேன். கடையில் விற்கும் சிவப்பா என்று சேலத்து நண்பர் கிண்டலடித்திருந்தார். கடைக்கண், கடைக்குட்டி என்கிறோம். யாரும் கடைவீதிக்குப் போய்த் தேடுவதில்லை. (நான் மட்டும் போனேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அந்த நிற எல்.இ.டி. கேட்டபோது, கடைக்காரர் ‘செவன் தர்ட்டியா?’ என்றார். அவருக்கு அலைநீள எண்தான் பெயர்.)

கட்டுரையின் உயிரே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. இலை சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். கடைச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் நெருக்கி நட்ட பயிருக்குள் கடைச்சிவப்பின் பங்கு கூடிவிடுகிறது. பைட்டோகுரோம் நிறமி வழியாகச் செடி இதை உணர்ந்து, பக்கத்தில் ஆள் நெருக்குகிறான் என்று தண்டை நீட்டுகிறது. அப்போது ஜாஸ்மோனிக், சாலிசிலிக் அமிலங்கள் என்ற செடி ஹார்மோன்கள் வழியான நோய்த் தற்காப்பு தளர்கிறது. தக்காளி இலையில் சாம்பல் பூஞ்சணம் இப்படி எளிதாகப் பற்றுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

என் மாடியிலும், பிடுங்க மனமில்லாமல் ஒரே பையில் விட்ட ஏழு நாற்றுகள் முருங்கைக்காய் கணக்காக நீண்டன. அடியிலைகளில் புள்ளி விழுந்ததும் அவற்றில்தான் முதலில். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கியதும் காரணம். பழியெல்லாம் ஒளிமேல் போட மாட்டேன்.

அப்புறம், வரைவில் எல்லா இடத்திலும் வெறும் ‘நிழல்’ என்றே இருக்கிறது. சுவர் நிழல் எல்லா நிறத்தையும் ஏறக்குறையச் சேர்த்தே குறைக்கும். இலையின் நிழல்தான் சிவப்பைப் பிடித்துக்கொண்டு கடைச்சிவப்பை விடும். இதற்குத் ‘தழைநிழல்’ என்று பிரித்துச் சொன்னால் என்ன? ‘இலைநிழல்’ என்றாலும் எனக்குச் சம்மதமே. தழை என்றால் கூட்டமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

‘சிவப்பு–கடைச்சிவப்பு விகிதம்’ அட்டவணைத் தலைப்பில் அடங்காது. ‘சி/க’ என்று சுருக்கலாமா? பக்கம் அமைப்பவர் சொல்லட்டும்.