மறுமொழி: 0ஆம் ஆண்டு, பாழாண்டா சுழியாண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

வானியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, 0ஆம் ஆண்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த ஒரு சொல்தான் பாக்கி.

'அப்படி ஒரு ஆண்டே கிடையாதே, சொல் எதற்கு' என்று கேட்ட ஐயாவுக்கு: வரலாற்றில் கிடையாதுதான். கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1. அதனால்தான் முதல் நூற்றாண்டு 1 முதல் 100 வரை, 21ஆம் நூற்றாண்டு பிறந்ததும் 2001 ஜனவரி 1இல். ஆனால் வானியலாருக்குக் கூட்டிக் கழிக்க வேண்டும், நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் கணக்கு ஒன்று தப்பும். அதனால் கி.மு. 1ஐ 0 என்றும் கி.மு. 2ஐ -1 என்றும் எழுதுகிறார்கள். கி.மு. 585 மே 28 சூரிய கிரகணம் அவர்கள் பட்டியலில் -584.

போன வாரம் வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டு, ஆண்டும் நூற்றாண்டும் 1இல் தொடங்குவதை விளக்கினேன், பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. 'எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது என்று பாட்டி வயது சொல்வார்களே, நூற்றாண்டு அந்த நடக்கிற கணக்கு' என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார்கள். பிறந்த குழந்தைக்கு முடிந்தது 0, நடப்பது 1. இதற்கு 'நடப்புக் கணக்கு' என்று பெயர் வைக்க நினைத்தேன், வங்கிதான் ஞாபகம் வரும் என்று அம்மா ஒருவர் எழுதியது சரி, 'நடப்பெண்' என்று மாற்றிவிட்டேன்.

இப்போது பாழ், சுழியத்துக்கான பழைய தமிழ்ச் சொல். பரிபாடலில் 'பாழ் எனக் கால் எனப் பாகு என ஒன்று என' என்று தொடங்கி ஒன்பதைத் 'தொண்டு' என்று சொல்லி முடிக்கிற வரிசை எனக்கும் உயிர். தொண்டிலிருந்துதான் தொண்ணூறா என்று நாலு நாளாக நடக்கிற விவாதத்தையும் ஒன்று விடாமல் படித்தேன். ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளை 'பாழாண்டு' என்று படித்தால் பஞ்சம் வந்த வருஷம் என்றுதான் நினைக்கும். பூச்சியம் வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை, பாடநூல்களில் சுழியம் பழகிவிட்டது, அவ்வளவே. சுழி என்றால் மாட்டுச் சுழி, தலைச்சுழி நினைவு வராதா என்றால், எண்ணோடு வரும்போது வராது.

ஆக 'சுழியாண்டு' என்றே அனுப்பப் போகிறேன், ஆறு பேர் சரி என்றிருக்கிறீர்கள். பாழை விடமாட்டேன் என்கிற ஐயா நாளை மாலைக்குள் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதித் தந்தால், அருஞ்சொல் பட்டியலில் பக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.