தமிழ்ப் பாடத்துக்கு விலக்கு வாங்கலாமா? மகனுக்கு டிஸ்லெக்சியா, அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு

திருச்சி அம்மா:
மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாவது, ஆங்கில வழி. சின்ன வகுப்பிலிருந்தே எழுத்தில் தடுமாற்றம். "கவனமில்லை, சோம்பேறி" என்றே இத்தனை வருடம் பள்ளியில் கேட்டோம். போன மாதம்தான் டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) என்று உறுதியானது. திருக்குறளைக் கேட்டால் தடையில்லாமல் ஒப்பிப்பான். எழுதச் சொன்னால் பாதித் தாள் வெறுமை. தமிழ்த் தேர்வு நாளில் காலையிலேயே வயிற்றுவலி, வாந்தி. நடிப்பில்லை, பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் எல்லாம் கேட்கலாமாம். பள்ளியில் தமிழை விடச் சொல்கிறார்கள். மாமனார் "தாய்மொழியை விட்டுட்டு என்ன படிப்பு" என்று என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தமிழாசிரியன்:
சகோதரி, அவசரப்பட வேண்டாம். ஒரு மொழியை விடத்தான் வேண்டும் என்றால் ஏன் தமிழ்? ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டம் நாலு விதமாக ஒலிக்கும். தமிழில் எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். பள்ளிக்குத் தமிழ் சுமையாகத் தெரிவதால் தமிழை விடச் சொல்கிறார்கள், உங்கள் மகனுக்காக இல்லை.

ண, ன, ந குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி தீரும்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட பக்கத்தில் வந்தால் ண (வண்டி), ற வந்தால் ன (கன்று), த வந்தால் ந (பந்து). வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுத வைத்து, இப்படித் தடுமாறிய பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். 2006இல் சட்டம் போட்டுத் தமிழைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கிய மாநிலத்தில், முதலில் கழற்றிவிடும் பாடமாகத் தமிழ் இருப்பது மனதை அறுக்கிறது.

கார்த்தி:
ஐயா, எனக்கும் டிஸ்லெக்சியாதான், வயது 31. தமிழ் சுலபம் என்று நீங்கள் சொல்வது வாசிக்கத் தெரிந்தவர்களின் சுலபம். "கொ" என்று எழுதுங்கள். காது முதலில் கேட்பது ககரத்தை. கண் முதலில் பார்ப்பது கொம்பை, அப்புறம் க, அப்புறம் கால். ஓர் ஒலிக்கு மூன்று துண்டு, அதுவும் காதுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு வேறு வரிசை. "கௌ" இன்னும் மோசம்: பின்னால் நிற்கும் குறியும் ளகரமும் ஒரே உருவம். "கௌதமன்" எனக்குப் பல வருடம் "கெளதமன்"தான். வீட்டில் "வந்துட்டான்", தாளில் "வந்துவிட்டான்". பேசுகிற மொழியை எழுத முடியாது என்பதே எனக்குத் தனிப் பாரமாக இருந்தது.

நான் விலக்கு வாங்கினேன். அந்த வருடம்தான் காலையில் பயமில்லாமல் எழுந்தேன். அப்பா ராத்திரி கதைகளை வாசித்துக் காட்டுவார். தமிழை எனக்கு விட்டுப்போகாமல் வைத்தது அதுதான்.

சேலத்துக்காரர்:
யாரையும் புண்படுத்த எழுதவில்லை. என் மகள் ராத்திரி பன்னிரண்டு மணிவரை இலக்கணம் படிக்கிறாள். இன்னொரு பிள்ளைக்கு அந்தத் தாளே இல்லை என்றால் அவளுக்கு என்ன நியாயம்? எங்கள் காலத்தில் இந்தப் பெயரெல்லாம் கிடையாது, எல்லாரும் தட்டுத்தடுமாறித் தேறினோம்.

கார்த்தி:
எல்லாருமா தேறினோம் அண்ணா? எட்டாவதோடு நின்று பட்டறைக்குப் போனவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் சித்தப்பா அப்படி நின்றவர். கையெழுத்துப் போட இன்றைக்கும் கூசுவார்.

சிறப்பாசிரியை:
சேலத்து ஐயா, இது கேட்டவுடன் கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில், டிஸ்லெக்சியா அடங்கும் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்பதும் ஒன்று. சோதித்து, அளந்துதான் சான்றிதழ். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலின்படி மூன்றாம் வகுப்பிலோ 8 வயதிலோ, எது முந்தியோ அப்போதே, அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் ஆசிரியர்களே முதல்கட்டமாகப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஆறு வருடம் தாமதம். அந்த ஆறு வருடமும் அவன் "சோம்பேறி"யாக இருந்திருக்கிறான். நியாயம் பேசுவதானால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தமிழாசிரியர் ஐயா, உங்கள் முறை சரி, நானும் மணலும் சொரசொரப்பான அட்டையும் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அது தினமும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. யார் உட்காருவார்கள்? தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. நான் ஒருத்தி எத்தனை பள்ளிக்கு ஓடுகிறேன் என்று எங்கள் ஒன்றியத்துக்கு வந்து பாருங்கள். இந்தப் பையனுக்கு மீதியிருப்பது ஒன்றரை வருடம். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு முதலில் பயம் தெளிய வேண்டும், அதற்குப் பிறகுதான் எழுத்து மண்டையில் ஏறும். விலக்கு வாங்குங்கள் அம்மா. பாடவேளையில் அவன் உட்காரட்டும், கேட்கட்டும், பேசட்டும். தாள் மட்டும் வேண்டாம்.

தமிழாசிரியன்:
தாள் இல்லாத பாடத்தை எந்தப் பள்ளி நடத்துகிறது, சொல்லுங்கள். அந்தப் பாடவேளையில் அவனை நூலகத்துக்கு அனுப்புவார்கள், அல்லது கணக்குப் போட வைப்பார்கள். நான் பார்த்தது அதுதான். கூடுதல் நேரமும் எழுத ஆளும் கிடைக்கும் என்றால், வாயால் குறளை ஒப்பிக்கிற பிள்ளை வாயாலேயே தேர்வைச் சொல்லலாமே? அதை முயலாமல் விலக்குக்குப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

சிறப்பாசிரியை:
நியாயமான கேள்விதான். சொல்லி எழுதவைப்பதற்கும் பழக்கம் வேண்டும். பத்தியை மனதில் கட்டி, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் முகம் தெரியாதவர். காலாண்டுத் தேர்வில் ஒருமுறை செய்து பார்க்கலாம். அன்றும் வயிறு வலித்தால் என் பதில் மாறாது.

திருச்சி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. கார்த்தி தம்பி எழுதிய "கொ" விஷயத்தை மகனிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்மா" என்றான். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைக்கிறேன், காலாண்டு முடியும்வரை கொடுக்கப்போவதில்லை. மேடம், எழுத வரும் ஆளை முன்கூட்டியே அவனுக்குப் பழக்க முடியுமா? ஐயா, ல, ள, ழவுக்கும் டண்ணகரம் மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா? அவன் அதிகம் விழுவது அங்கேதான்.