வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து கேம் செய்யலாமா? கணக்கு சரியாக வருமா?

லயத்துப்பையன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் பொகவந்தலாவை, இப்போது கொழும்பில் ஒரு ஆபீசில் சாஃப்ட்வேர் வேலை. நானும் ஹட்டனில் இருக்கும் இரண்டு கூட்டாளிமாரும் சேர்ந்து ஒரு பிசி கேம் செய்ய யோசிக்கிறோம். ஒருவன் நன்றாக வரைவான், மற்றவன் இசை, கொஞ்சம் புரோகிராம் கோடும் எழுதுவான். 1920களில் நடக்கும் தேயிலைத் தோட்டக் கதை. விடியற்காலை தப்பு அடித்துப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்கிற இடம்) ஆள் கூடுவதில் தொடங்கும். அப்புறம் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை பங்களா, ஸ்டோர் (தேயிலை ஆலை), கொழுந்து நிறுக்கிற இடம், மாசியில் காமன் கூத்து, இரவில் லயத்துப் பக்கம் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) வரும் சிறுத்தை, ரயில் (பதுளை வரைக்கும் பாதை போனது 1924ல், அதனால் கதையை அதற்குப் பிறகு வைத்திருக்கிறோம்). நினைத்த இடத்துக்கு நடந்து போகலாம், 12 பாத்திரங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசும்.

மூன்று பேரின் சேமிப்பும் சேர்த்துக் கையில் 9 லட்சம் இருக்கிறது. ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். அம்மாவிடம் சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. வேலையை விடுவதற்கு முன்னால் இது நடக்கிற காரியமா என்று எப்படிப் பார்ப்பது? "நல்ல ஐடியா தம்பி, செய்யுங்க" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

பண்டாரவளைக்_காற்று:
தம்பி, நானும் இதே மாதிரி ஒரு கேமில் இறங்கி ஏறி வந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்களுடையது ரயில் கேம், எல்ல ஸ்டேஷனிலிருந்து தெமோதரை வரை மட்டும். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய், மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும் இல்லையா, அதைத் திரையில் காட்டினால் உலகமே வாய் பிளக்கும் என்று நினைத்தோம். ஒன்பது வளைவுப் பாலத்துக் கல்லில் பாசி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பது வரை போட்டோ எடுத்து வந்து செய்தோம். ஏழு மாதம் போனது. அப்புறம் பத்துப் பேரிடம் கொடுத்தால், ஆறு நிமிடத்துக்கு மேல் ஒருவரும் விளையாடவில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்டான், "அண்ணே, பாலம் நல்லா இருக்கு, இதுல நான் என்ன செய்யணும்?" வேகத்தைக் கூட்டலாம், பிரேக் பிடிக்கலாம், அவ்வளவுதான் வைத்திருந்தோம். பாலமே இல்லாமல், சாம்பல் நிறக் கட்டைகளை அடுக்கி, முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வியை வாங்கியிருக்கலாம்.

உங்கள் பட்டியலைப் பாருங்கள். கங்காணி இருக்கிறார், சிறுத்தை இருக்கிறது, கூத்து இருக்கிறது. விளையாடுகிறவர் கையால் என்ன செய்வார் என்பது எங்கேயும் இல்லை. 12 பாத்திரங்களை இப்போதைக்கு மறந்துவிட்டு ஒரே ஒரு ஆளைச் செய்யுங்கள். இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடை மாட்டி, சரிவில் நின்று கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா. சமதளத்தில் நடக்க வைப்பது லேசு. நம்முடைய மலைச் சரிவில் விட்டால் ஒரு கால் மண்ணுக்குள் புதையும், மற்றது காற்றில் மிதக்கும், கை செடிக்கு அரை அடி மேலே எதையோ பறித்துக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்து, செடியும் மழையும் சத்தமும் சேர்த்து, ஐந்து நிமிடம் விளையாடுகிற அளவுக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று வாரம் என்றால் மற்றப் பதினொன்றுக்கும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்வீர்கள். வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம், சனி ஞாயிறு போதும்.

இன்னொன்று, இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். கூட்டாளிமார் இரண்டு பேரிடமும் "வெளிநாட்டு விசா ஏதாவது போட்டிருக்கிறாயா?" என்று இப்போதே. எங்கள் ஓவியக்காரன் எட்டாவது மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் தங்கச்சி கல்யாணம். பாதி முடிந்த படங்களை வைத்துக்கொண்டு நாங்கள்தான் முழித்தோம்.

கணக்கு_அக்கா:
நான் கேம் விளையாடுவதில்லை, மகன்தான் விளையாடுவான், ஆனால் நுவரெலியாவில் இருந்தபடியே சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன் தம்பி.

மூன்று பேருக்கும் சாப்பாடு, போன், கரண்ட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 40,000 என்று வைத்தால் மாதம் 1,20,000. உங்கள் 9 லட்சம் ஏழரை மாதத்துக்கு வரும். ஏழரை என்றதும் சனியை நினைக்காதீர்கள், ஆனால் ஒரு வருட வேலை என்று நீங்களே சொல்கிறீர்கள், அதற்கு 14,40,000 வேண்டும். ஆரம்பிக்கும்போதே 5,40,000 குறைகிறது. கம்ப்யூட்டர் கெட்டால், யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்று நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

வரவு எப்படி? ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒரு கேமைப் போட 100 டாலர் கட்ட வேண்டும், 1,000 டாலருக்கு விற்ற பிறகு அது திரும்பி வரும். விற்பனையில் 30 சதவீதம் கடைக்காரருக்கு. அது போக சில நாடுகளில் வரி, தள்ளுபடி நாட்கள், திருப்பிக் கொடுப்பது (வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம் என்று மகன் சொன்னான், நானும் போய்ப் படித்துப் பார்த்தேன், சரிதான்). 6 டாலர் விலை போட்டால் பாதி கைக்கு வந்தாலே பெரிது. டாலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒன்றுக்கு 900 ரூபாய். 14,40,000 திரும்பி வர 1,600 பேர் வாங்க வேண்டும், அப்போதும் லாபம் பூஜ்ஜியம். அந்தக் காசும் விற்ற மாதம் முடிந்து அடுத்த மாதக் கடைசியில்தான் வரும்.

1,600 பேர் கிடைக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் யார், கேம் வருகிற செய்தி அவர்களுக்கு எப்படிப் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சொந்தக்காரர்களை எண்ண வேண்டாம்.

எழுத்துப்பிழை:
யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: உங்கள் இன்ஜினில் (கேம் செய்கிற மென்பொருளில்) தமிழ் ஒழுங்காக வருமா என்று பார்த்தீர்களா? முதல் நாளே "கொழுந்து" என்று அடித்துப் பாருங்கள். யூனிட்டி என்ற இன்ஜினில் எழுத்தைக் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் நான் அடித்தபோது 'க' முதலில் வந்தது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய் வரிசையில் நின்றன. எழுத்துருவில் குறையில்லை, உயிர்மெய்யைச் சேர்த்து வரிசை மாற்றுகிற வேலையை அது செய்வதில்லை. உங்கள் கேமில் அதிகம் வரப்போகிற சொல்லே கொழுந்துதான்! கோடோ என்று இன்னொரு இன்ஜின் இருக்கிறது, 2023 மார்ச்சில் வந்த கோடோ 4லிருந்து இது சரியாக வருகிறது, அதற்கு முந்தைய கோடோ 3ல் வராது. கோடோ இலவசமும்கூட. ஆறு மாதம் கோடு எழுதிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும் (ஒருவர் நான்தான்).

பட்டன்களையும் பாருங்கள். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற சொல் தமிழில் பெட்டிக்கு வெளியே போய் நிற்கும்.

மஸ்கெலியா_மச்சான்:
எல்லோரும் சேர்ந்து பொடியனை ஒரேயடியாகப் பயமுறுத்தாதீர்கள். 2023ல் வந்த வெண்பா கேம் என்ன, கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா சமைக்கிறாள், அவ்வளவுதானே? டொரொண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது.

பண்டாரவளைக்_காற்று:
மச்சான், நானும் அதைத்தானே சொல்கிறேன். அதில் இட்லி சட்டி இருக்கிறது, டொரொண்டோ முழுக்க நடந்து திரிகிற வசதி இல்லை. தோட்டம் முழுக்க நடக்கலாம் என்பதைத்தான் வெட்டச் சொல்கிறேன், தோட்டத்தை இல்லை.

லயத்துப்பையன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலையை விடவில்லை. வெளிநாட்டுக் கேள்வியைக் கேட்டேன், இசைக்காரன் துபாய்க்கு ஏஜென்சியில் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறானாம், நல்ல வேளை இப்போதே தெரிந்தது. யூனிட்டியில் கொழுந்து உடைந்தது, கோடோவுக்கு மாறிவிட்டோம். சிறுத்தை, ரயில், துரை பங்களா மூன்றையும் அடித்துவிட்டோம் (கூத்தை அடிக்க மனசு வரவில்லை, அதைப் பிறகு பார்ப்போம்).

கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தியை மட்டும் செய்தோம், 16 நாள் ஆனது, கால் இன்னும் கொஞ்சம் மிதக்கிறது. போன ஞாயிறு ஊருக்குப் போய் லேப்டாப்பை அம்மாவிடம் காட்டினேன். 28 வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இவ ஒண்ணொண்ணா கிள்ளி ஒண்ணொண்ணா கூடையில போடுறாளே, இப்படி எடுத்தா அரைப்பேர்தான் போடுவாங்க" என்றார் (அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று அர்த்தம்). அப்புறம் எழுந்து நின்று செய்து காட்டினார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடுகிறது, பிடி நிறையும் வரை கூடைப் பக்கம் போவதே இல்லை, நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்கு மேலால் பின்பக்கம் ஒரு வீச்சு. கூடைக் கயிறையும் நாங்கள் தோளில் போட்டிருந்தோம், அது தலையில் வர வேண்டுமாம்.

போனில் வீடியோ எடுத்து வந்து, பிடி நிறைகிற வரை இடது வலது பட்டனை மாறி மாறி அழுத்துவது, நிறைந்ததும் சரியான நேரத்தில் விட்டால் வீச்சு, பிந்தினால் கொழுந்து கீழே சிந்தும் என்று சாம்பல் கட்டைகளை வைத்தே செய்து பார்த்தோம். ஓவியக்காரனின் தம்பி நாற்பது நிமிடம் எழும்பவில்லை. அக்கா, அந்த 1,600 பேர் தாளில் இதுவரை 11 பெயர்தான் எழுதியிருக்கிறேன், அதில் இரண்டு சொந்தக்காரர்.