அட்டை டிக்கெட்டில் பூஞ்சை, என்ன செய்வது?

குன்னூர்க்காரன்:
நீலகிரி மலை ரயிலின் பழைய அட்டை டிக்கெட் சேர்க்கிறேன், 140 இருக்கிறது. இந்த மழையில் பிளாஸ்டிக் ஆல்பத்தைத் திறந்தால் ஒரே புழுங்கல் வாடை. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன கேத்தி டிக்கெட்டில், தேதி முத்திரை மேலேயே வெள்ளைப் பூஞ்சை! வீட்டில் "குப்பையில் போடு" என்கிறார்கள்.

கோத்தகிரி டீ:
ஈரத்துணி மட்டும் வேண்டாம், அட்டை உப்பிவிடும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, வாசலில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். அப்புறம் பிவிசி பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காகித உறை, மூடிய டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். என் தீப்பெட்டிப் படங்கள் அப்படித்தான் தப்பின.

ஊட்டி 1908:
லவ்டேல் ஸ்டேஷன் டிக்கெட் இரண்டு இருந்தால் சொல்லுங்கள், ஒன்றுக்குப் பதில் வெலிங்டன் தருகிறேன்.

குன்னூர்க்காரன்:
லவ்டேல் ஒன்றுதான். ரன்னிமேடு வேண்டுமா?